12ஏ இருக்கை காலி

“எமர்ஜென்சி கதவு வரிசையில அம்மாவுக்கு ஒரு சீட் போடு.”

விமான நிலைய கவுன்ட்டரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அக்கா என்னிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். என்ன வேண்டுமானாலும் கேள், சீட் மட்டும் கேட்காதே. நான்கு வருஷம் கேட்காமல்தான் இருந்தேன். அம்மா முதல் தடவையாக விமானம் ஏறி என் ஊருக்கு வருகிற அன்று காலை, போன் போட்டுக் கேட்டுவிட்டேன்.

“உனக்கு எத்தனை தடவைடி சொல்றது?” அக்கா குரலைத் தாழ்த்தினாள். பின்னால் பெட்டிகள் உருளும் சத்தம். “கம்ப்யூட்டர் வேற படுத்துக்கிச்சு. எல்லாருக்கும் கையால எழுதிக் குடுத்துட்டிருக்கேன்.”

“கையாலதானே எழுதறே? அப்ப இன்னும் சுலபம். அம்மாவுக்கு முட்டி மடங்காதுன்னு உனக்குத் தெரியாதா? அந்த வரிசையிலதான் காலை நீட்ட இடம் இருக்கு.”

“அந்த வரிசைக்குச் சட்டம் இருக்கு. பதினைஞ்சு வயசு தாண்டியிருக்கணும், காது கேட்கணும், சொல்றது புரியணும், ரெண்டு கையும் நல்லா இருக்கணும். ஏதாவது ஆச்சுன்னா அங்க உட்கார்ந்திருக்கறவங்கதான் கதவைப் பிடுங்கி வெளியே போடணும். அம்மாவோட வலது தோள் காதுக்கு மேல போகுமா? சொல்லு, போகுமா?”

போகாது. சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் இஸ்திரி போட்ட தோள் அது.

ஆனால் சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மண்டைக்குள் சூடேறியது. எங்கள் வீட்டுக்குத் தெரிந்த சட்டத்துக்கெல்லாம் ஒரே அர்த்தம்தான்: இங்கே உட்காராதே. சலவைக்கூடத்தில் மேஸ்திரியின் பெஞ்சில் அம்மா உட்காரக் கூடாது. ஷூ இல்லாமல் வந்த நான் வகுப்பில் முன்வரிசையில் உட்காரக் கூடாது. இதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்.

“யாரு அந்தக் கதவை என்னைக்குத் திறந்திருக்கா? வெட்டிச் சட்டம். படிப்பை விட்டுட்டு நாலு வருஷமா அங்க நிக்கறியே, அம்மா காலை நீட்டி உட்கார ஒரு இடம் போட முடியலைன்னா அப்புறம் எதுக்கு நிக்கறே?”

அக்கா படிப்பை விட்டது நான் படிப்பதற்காக. தெரிந்துதான் சொன்னேன்.

மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது. “12ஏ,” என்றாள். “போனை வை.”

அன்று மதியம் விமானம் தரையிறங்கியபோது டயர் வெடித்தது. ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லில் போய் நின்றது. உள்ளே புகை. இடது இறக்கைக்கு மேலிருந்த அவசரக் கதவு நாற்பது விநாடி திறக்கவில்லை. முன்வரிசையிலிருந்த ஒரு பெயின்டர் சீட்டுகள்மேல் ஏறிக் குதித்து வந்து அதைத் தூக்கி எறிந்தார். எல்லாரும் வெளியே வந்தார்கள். அம்மா ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் வந்தாள். 12பி-யில் இருந்த நூலகர் மட்டும் புகையைக் குடித்துவிட்டு, தொண்டையில் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

மூன்று வாரம் கழித்து அந்தக் கேஸ் எங்கள் அலுவலகத்துக்கே வந்தது.

*

நான் வேலை பார்ப்பது ஒரு தனியார் துப்பறியும் அலுவலகம். இரண்டு மேஜை, ஒரு ஜன்னல், ஒரு துப்பறிபவர். அவரை ஊரே கண்ணாடியார் என்றுதான் சொல்லும். மூக்குக்கண்ணாடியைத் துடைக்காமல் அவரால் யோசிக்க முடியாது. துடைக்கத் துணி மட்டும் கொண்டுவர மாட்டார்.

“வாயாடி, கைக்குட்டை.”

வாயாடி என்பது நான். நீட்டினேன். உதறி விரித்து, ஊதி, துடைத்து, கசக்கி என் மேஜையிலேயே போட்டார்.

“விமானக் கம்பெனி வக்கீல் ஒரு கேஸ் அனுப்பியிருக்கார். இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு விசாரணைக் குழு. அதுக்குள்ள நம்ம அறிக்கை வேணுமாம்.”

“காலையில விதைச்சா சாயங்காலம் அறுக்கணும். இவங்க வக்கீலா, மந்திரவாதியா?”

“கேளு. பணிப்பெண் ஒருத்தியை சஸ்பெண்ட் பண்ணியிருக்காங்க. அவசரக் கதவுப் பக்கத்துல 12ஏ-யில ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்க, ‘உதவி செய்வீங்களா’ன்னு கேட்டேன், ‘செய்வேன்’னு வாயால சொன்னாங்கங்கறா அவ. கம்பெனி, அந்த சீட் காலிங்குது. காலியா இருந்தா வேற யாரையாவது உட்கார வெச்சிருக்கணும். அதையும் செய்யாம, இல்லாத ஒரு அம்மாவை இருந்ததா கதை கட்டறாளாம். பொய்னு முடிவாச்சுன்னா அந்தப் பொண்ணு இனிமே எந்த விமானத்துலயும் கால் வைக்க முடியாது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 12ஏ காலி என்றால் என் அம்மா எதில் உட்கார்ந்து வந்தாள்?

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே, சார், அது என் அம்மா என்று சொல்லியிருக்கலாம். வாயாடிக்கு வாய் வரவில்லை.

“12பி-யைக் கேட்டா முடிஞ்சுது,” என்றேன். என் குரல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

“இன்னும் கண்ணே திறக்கலை.”

“கதவைத் திறந்த பெயின்டர்?”

“புகையில கையில ஏதோ துணி தட்டுப்பட்டுச்சாம். ‘ஆளா, போர்வையான்னு நின்னு பார்க்கவா சார் போனேன்’ங்கறார்.” கண்ணாடியார் எழுந்தார். “வா, முதல்ல அந்தக் கதவைப் பார்ப்போம்.”

*

விமானக் கம்பெனியின் பயிற்சிக் கூடத்தில் ரொட்டித் துண்டு போல வெட்டி எடுத்த ஒரு விமானம் நின்றது. மூன்றே வரிசை. ஒரு பக்கம் இரண்டு சீட், நடுவில் நடை, மறுபக்கம் இரண்டு சீட். கழுத்தில் விசில் தொங்க ஒரு பயிற்சியாளர் அம்மா எங்களை வரவேற்றார்.

“வாயாடி, போய் ஜன்னல் பக்கம் உட்காரு,” என்றார் கண்ணாடியார்.

உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். முழுசாக நீண்டது. இவ்வளவு இடத்துக்காகத்தான் அக்காவை அப்படிக் கேட்டேன்.

பயிற்சியாளர் குனிந்து, “அவசரம்னா கதவைத் திறக்க உதவி செய்வீங்களா?” என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

“தலையாட்டினா செல்லாது. வாயைத் திறந்து சொல்லணும். அதுதான் விதி.”

“ஏன், தலைக்கு மரியாதை இல்லையா?”

“பயந்துபோனவங்க எல்லாத்துக்கும் தலையாட்டுவாங்க. வாயால சொல்லணும்னா ஒரு விநாடியாவது யோசிப்பாங்க.”

“செய்வேன்,” என்றேன்.

“இழுங்க.”

கைப்பிடியை இழுத்தேன். பதினெட்டு கிலோ கதவு அப்படியே என் மடியில் விழுந்தது. அதை நெஞ்சுக்கு மேலே தூக்கி, திருப்பி, ஓட்டை வழியாக வெளியே வீச வேண்டும். முதல் தடவை முடியவில்லை. இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். எனக்கு இருபத்தைந்து வயது. இரண்டு தோளும் நன்றாக இருக்கின்றன.

“சார், இனிமே நான் எங்க போனாலும் நடந்தே போறேன்,” என்று சிரித்தேன். வெட்டிச் சட்டம் என்று சொன்ன வாய் காய்ந்துபோயிருந்தது.

“இன்னொண்ணு,” என்றார் பயிற்சியாளர். “இந்த வரிசையில காலடியில பை வைக்க விடமாட்டோம். வழி தடுக்கும். எல்லாம் மேல் அலமாரிக்குத்தான் போகும்.”

கண்ணாடியார் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ அந்த அம்மான்னு ஒருத்தர் இருந்திருந்தா, அவங்க பையும் மேலே போயிருக்கும். யார் கையால போச்சு?”

அடுத்த அறையில் பதிவேட்டுக் குமாஸ்தா ஒரு கட்டை எடுத்துப் போட்டார். போர்டிங் பாஸின் ஓரத்தை விமானம் ஏறும் கேட்டில் கிழித்து வைத்துக்கொள்வார்களே, அந்தத் துண்டுகள். அறுபத்தெட்டுப் பயணிகள், அறுபத்தெட்டுத் துண்டுகள். எல்லாம் கையால் எழுதியவை. கணக்கு சரி. 12ஏ என்று ஒரு துண்டு மட்டும் இல்லை.

“பார்த்தீங்களா சார்? காலி,” என்றார் குமாஸ்தா.

கண்ணாடியார் படிக்கவில்லை. சீட்டுக்கட்டைத் தடவுவது போலக் கட்டின் ஓரத்தை விரலால் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. ஒரு துண்டை உருவினார்.

“எல்லாம் கேட்ல அவசர அவசரமா கிழிச்சது. ஓரம் எலி கடிச்ச மாதிரி இருக்கு. இது மட்டும் ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கு. அப்புறம் பேனாவைப் பாரு. அன்னைக்கு கவுன்ட்டர் பேனா திக்கித் திக்கி எழுதியிருக்கு, அறுபத்தேழுலயும். இது வழவழன்னு எழுதற பேனா. ஆனா கையெழுத்து ஒண்ணுதான்.”

எட்டிப் பார்த்தேன். 17பி. மேலே என் அம்மாவின் பெயர்.

என் பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதித் தந்த கை அது. எனக்கு அதில் சந்தேகமே வராது.

“கிழிச்ச ஆள் நிதானமானவரா இருக்கும் சார்,” என்றேன்.

“விமான கேட்ல நிதானமா? நீ விமானமே ஏறினதில்லையா?”

“இல்லை சார்.”

அது மட்டும் உண்மை. எங்கள் வீட்டில் முதலில் ஏறியது அம்மாதான்.

“நிதானம் இல்லை, வாயாடி. இது பயந்துபோய் கிழிச்சது. யாரோ ஒரு துண்டை எடுத்துட்டு அதுக்குப் பதிலா இதை வெச்சிருக்காங்க. ஆக, 12ஏ காலி இல்லை. அதைக் காலி பண்ணியிருக்காங்க.”

*

பணிப்பெண் மூன்றாவது மாடியில், இன்னும் இரண்டு பேரோடு ஒரு அறையில் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். சுவரில் ஆணியில் யூனிஃபார்ம் தொங்கியது. மூன்று வாரத் தூசி அதன் தோளில் படிந்திருந்தது.

“அந்த அம்மா முகம் ஞாபகம் இருக்கா?” என்றார் கண்ணாடியார்.

“புகைக்கு அப்புறம் எல்லாமே கலங்கலா இருக்கு சார். குரல் ஞாபகம் இருக்கு. நான் விதியெல்லாம் சொல்லிட்டிருக்கேன், அவங்க என் கையையே பார்த்துட்டிருந்தாங்க. ஸ்கார்ஃப் முடிச்சு அவிழ்ந்து கையில வெச்சிருந்தேன். ‘சூடு அதிகமா வெச்சுட்டாங்கம்மா, நூல் செத்துப்போச்சு’ன்னாங்க. வாங்கி மடியில வெச்சு, உள்ளங்கையால தேய்ச்சு, மடிச்சுக் குடுத்தாங்க. மடிச்ச அழகுக்கு அவிழ்க்க மனசு வரலை. பையில போட்டுக்கிட்டு வேற ஒண்ணு எடுத்துக் கட்டிக்கிட்டேன்.”

“அது இருக்கா?”

அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். நீல நிறம். நான்காக மடித்து, கடைசி நுனியை உள்மடிப்புக்குள் செருகிய சின்னச் சதுரம்.

“இறக்கையில சறுக்கினேன், புல்லுல விழுந்தேன், ஆம்புலன்ஸ்ல ஏறினேன் சார். அவிழவே இல்லை.”

அவிழாது. அடுக்கிலிருந்து எடுக்கும்போது கலையாமல் இருக்க அம்மா கண்டுபிடித்த மடிப்பு அது. சலவைக்கூடத்தில் வேறு யாருக்கும் வராது. என் பையில் இருந்த இரண்டாவது கைக்குட்டை எனக்கு நெருப்பாகச் சுட்டது.

கண்ணாடியார் ஸ்கார்ஃபை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “துணியைப் பார்த்ததும் சூடு சொல்றவங்க. தேய்க்க உள்ளங்கை போதும்னு நினைக்கறவங்க. இஸ்திரி போடறதுதான் அவங்க தொழில். சரி, அவங்க பையை மேலே யார் வெச்சது?”

“நான்தான் சார்.”

“அவங்க ஏன் வைக்கலை?”

அவள் ஒரு விநாடி தயங்கினாள். “உயரம் பத்தலை சார்.”

என் அம்மா என்னைவிட நான்கு விரல் உயரம்.

கண்ணாடியார் ஸ்கார்ஃபை உறையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பேனாவை மறந்துவிட்டேன் என்று சொல்லி நான் திரும்பி வந்தேன். கதவைச் சாத்தினேன்.

“உயரம் பத்தலைன்னு ஏன் பொய் சொன்னீங்க?”

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அவங்களுக்கு வலது கை மேலே போகலை மேடம். பையைத் தூக்கப் பார்த்தாங்க, பாதியில நின்னுடுச்சு. நான் பார்த்தேன். வேற இடம் மாத்தித் தரேம்மான்னேன். ‘வேணாம்மா, என் பெரிய பொண்ணு கவுன்ட்டர்ல இருக்கா, அவ போட்டுக் குடுத்த இடம் இது’ன்னு சொன்னாங்க. அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்துல. எழுப்ப மனசு வரலை. கேள்வியைக் கேட்டேன். ‘செய்வேன்’னாங்க. போதும்னு போயிட்டேன்.”

“இதை ஏன் விசாரணையில சொல்லலை?”

“சொன்னா அந்தப் பொண்ணு வேலை போயிடும். அவ யாருன்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா என் தப்புக்கு அவளை ஏன் இழுக்கணும்? கையைப் பார்த்தது நான்தானே.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கவனிக்காம விட்டேன்னு வேலையை விட்டுத் தூக்கினா வாங்கிக்குவேன் மேடம். பொய்க்காரின்னு சொல்றாங்களே, அதான் தாங்கலை. அந்த அம்மா அங்க இருந்தாங்க.”

“தெரியும்,” என்று சொல்லிவிட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டேன். யாரென்றே தெரியாத என் அக்காவை ஒருத்தி மூன்று வாரமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். நான் அவளைப் பற்றிய கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

மாடிப்படித் திருப்பத்தில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன்.

“17பி,” என்றேன்.

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. “பார்த்துட்டியா?”

“ஏன்க்கா?”

“நியூஸ் வந்ததும் கைகால் ஓடலை. அம்மா உயிரோட இருக்கான்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம் அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்துச்சு. பழசை எடுத்துட்டு, காலியா இருந்த 17பி-ன்னு புதுசா எழுதினேன், கிழிச்சேன். அதை வெச்சு இன்னொரு பொண்ணைப் பொய்க்காரி ஆக்குவாங்கன்னு எனக்குத் தெரியாதுடி. தெரிஞ்சதிலிருந்து தூங்கலை.”

“நான் கேட்டதாலதானே போட்டே.”

“நீ கேட்டே. எழுதினது என் கை.”

அவள் பக்கத்தில் யாரோ ஜன்னல் சீட் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, நான் என்ன பண்ணட்டும்?”

“என்கிட்ட கேட்காதே,” என்றாள். “கேட்டா, வேணாம்னு சொல்லிடுவேன்.”

*

சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு வருவதாகக் கண்ணாடியாரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். வீடு என்றால் ஒரே அறை. அம்மா கட்டில்மேல் போர்வை விரித்து என் சட்டைகளை இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். விபத்துக்குப் பிறகு அவளைத் திருப்பி அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று உள்ளே என்ன நடந்தது என்று கேட்கவும் தைரியம் வரவில்லை.

“அந்தப் பொண்ணு கேட்டப்போ ஏம்மா செய்வேன்னு சொன்னே?”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். எந்தப் பொண்ணு என்று கேட்கவில்லை.

“யூனிஃபார்ம் போட்டவங்க கேட்டா வேற என்ன சொல்றது? முடியாதுன்னா எழுந்திருக்கச் சொல்லுவாங்க. இருபத்திரண்டு வருஷமா அதானே பழக்கம்? நீங்க ரெண்டு பேரும் போட்டுக் குடுத்த இடம் வேற.”

“கதவு?”

“இழுத்தேன். மடியில விழுந்துச்சு. இந்தக் கை தூக்கலை. பக்கத்துல இருந்தவர் கிளம்பிப் போயிருக்கலாம், வழி இருந்துச்சு. போகலை. என் மேல சாய்ஞ்சு அவரும் சேர்ந்து தள்ளினார். ‘விடாதீங்கம்மா, விடாதீங்கம்மா’ன்னார். இருமிட்டே சொன்னார். அப்புறம் சொல்றதை நிறுத்திட்டார்.” தேய்த்த சட்டையையே மறுபடி தேய்த்தாள். “அதுக்குள்ள யாரோ எங்களைத் தாண்டி வந்து தூக்கிப் போட்டாங்க.”

அறையில் சூடான துணி வாசனை.

“இதையெல்லாம் ஏம்மா யார்கிட்டயும் சொல்லலை?”

“யாராவது கேட்டா சொல்லணும்னுதான் இருந்தேன்.” தன் பைக்குள் கைவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தாள். போர்டிங் பாஸின் மீதிப் பாதி. நான்காக மடித்து, நுனியை உள்ளே செருகி வைத்திருந்தாள். “இதைக்கூட பத்திரமா வெச்சிருக்கேன். யாரும் கேட்கலை. நீயும் கேட்கலை.”

பிரித்தேன். எலி கடித்த ஓரம். திக்கித் திக்கி எழுதிய பேனா. 12ஏ.

*

மூன்று மணிக்கு நான் மாடியேறி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது கண்ணாடியார் டைப் அடித்த இரண்டு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் நீல ஸ்கார்ஃப் கிடந்தது.

“வாயாடி, கைக்குட்டை.”

பழக்கதோஷம். பையிலிருந்து புதுசாக ஒன்றை எடுத்து நீட்டிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. கைக்குட்டையைப் பிரிக்காமல் ஸ்கார்ஃபுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். நான்காக மடித்த இரண்டு சதுரம். நுனி உள்ளே செருகிய இரண்டு மடிப்பு.

“ஒன்றரை வருஷமா தினம் உதறி விரிச்சிருக்கேன்,” என்றார். “ஒரு நாளும் மடிப்பைப் பார்த்ததில்லை. அந்தப் பொண்ணு ஸ்கார்ஃபை எடுத்து நீட்டினதும் என் கைக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது. வந்து உன் வேலை விண்ணப்பத்தை எடுத்தேன். அம்மா பெயர்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல இருக்கறதும் 17பி-யில இருக்கறதும் ஒண்ணு. அக்கா விமான நிலைய கவுன்ட்டர்ல வேலைன்னும் எழுதியிருக்கே.”

விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்தார்.

“உட்காரு.”

“நிக்கறேன் சார்.”

“பயப்படாதே. அறிக்கை எழுதிட்டேன்.” காகிதத்தை என் பக்கம் திருப்பினார். கடைசி வரியில் விரலை வைத்தார். 12ஏ இருக்கையில் பயணி எவரும் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. “வக்கீலுக்கு வேண்டியதும் இதுதான். உன் அக்கா வேலை தப்பிச்சுது. உன் அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டாங்க.”

“அந்தப் பொண்ணு?”

“சின்ன வயசு. வேற வேலை கிடைக்கும்.”

“என் அக்காவுக்கும் சின்ன வயசுதான்.”

“வாயாடி, உனக்காகத்தான் செய்யறேன். படிச்சு மேல வந்த குடும்பத்தை ஒரு துண்டுக் காகிதத்துக்காகக் கவிழ்த்துடாதே.”

அவருக்கு என்மேல் அக்கறை இருந்தது நிஜம். அதுதான் அருவருப்பாக இருந்தது. காலையில் இருந்த நானாக இருந்தால் அந்த அக்கறையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன். யாரும் இல்லாத இருக்கை. அம்மா இதுவரை எத்தனையோ இடத்தில் உட்காரக் கூடாது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். உட்கார்ந்திருந்த இடத்தில் அவள் இல்லவே இல்லை என்று எழுதியதை இன்றுதான் பார்த்தேன். அதுவும் எனக்கு உதவி என்ற பெயரில்.

“நூலகர் கண் திறந்தா?” என்று கேட்டேன்.

“புகையில பார்த்ததை யார் நம்புவாங்க?” ஸ்கார்ஃபை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார். “நடந்தது நடந்துபோச்சு. இதோட விட்டுடு. புரிஞ்சுதா? தலையை ஆட்டிட்டு வீட்டுக்குப் போ.”

ஒரே ஒரு தலையாட்டல். அதைத்தான் கேட்டார்.

“தலையாட்டினா செல்லாது சார்.”

“என்ன?”

“வாயைத் திறந்து சொல்லணும். முடியாது.”

டிராயரைத் திறந்து ஸ்கார்ஃபை எடுத்துக்கொண்டேன். அதற்காகத்தான் மேலே வந்தேன். கைக்குட்டையை அவருக்கே விட்டேன்.

“வாயாடி, நில்லு. உன் வேலை இங்க முடிஞ்சுது, தெரியுமில்ல? உன் அக்கா கதி? அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்கக் கூடாதுன்னு சொல்லிட்டா சார். இந்தத் தடவை கேட்கலை.”

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் கேட்டது. அதற்குள் நான் வாசலைத் தாண்டிவிட்டேன். சட்டைப் பையில் 12ஏ இருந்தது. என் வாக்குமூலமும் இருந்தது. முதல் வரியிலேயே, சீட் கேட்டது நான் என்று எழுதியிருந்தேன். அக்கா அடுத்த மாதம் எங்கே நிற்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் படித்தது அவள் நின்ற காலில்தான். இன்று அந்தக் காலையே தட்டிவிடப் போகிறேன். இது தப்பில்லை என்று யாராவது சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை.

படியிறங்கினேன். விசாரணைக் குழுவுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கீழே, கட்டட வாசலில், காவலாளியின் பெஞ்சில் தேய்த்த உடுப்போடு அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளை அங்கே உட்காரவைத்துவிட்டுத்தான் நான் மாடியேறியிருந்தேன்.